கூப்பனும் சேமிப்பும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் உணவுப் பங்கீட்டு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாறு அதன் அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் மாத்திரம் எழுதப்படுவதில்லை. அதன் அடுக்களைகளிலும் எழுதப்படுகின்றது. மக்கள் எதனை உண்டனர், அதனை எங்கிருந்து பெற்றனர், என்ன விலை கொடுத்தனர், நாளைக்கென எதனை எடுத்து வைத்தனர் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் அவர்களது பொருளாதார வாழ்வை விளங்கிக்கொள்ளுதல் இயலாது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரையில் அவ்விடை பெரும்பாலும் இரண்டு சொற்களில் அடங்கிவிடுகின்றது. ஒன்று கூப்பன், மற்றையது சேமிப்பு.

கூப்பன் என்னும் சொல் இன்று உலகின் பல பாகங்களில் வணிகர் வழங்கும் விலைக்கழிவுச் சீட்டையே குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய வழக்கம் அது. பொருளை விற்க விரும்புபவன் வாங்குபவனைக் கவர்வதற்குக் கையாளும் உத்தியே அதன் அடிப்படை. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலோ கூப்பன் என்பது அரசாங்கம் வழங்கிய அரிசிப் பங்கீட்டுப் புத்தகமாகும். கூப்பன் அரிசி, கூப்பன் கடை, கூப்பன் பதிதல் முதலிய தொடர்கள் அதிலிருந்து கிளைத்தவை. முன்னையது வணிகரின் சலுகை. பின்னையது குடிமக்களின் உரிமை. அவ்வுரிமை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு தேய்ந்தது, அது தேய்ந்த போதெல்லாம் வீட்டுச் சேமிப்பு எவ்வாறு அதன் இடத்தை நிரப்ப முயன்றது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்கீட்டுக்கு முந்திய சேமிப்பு மரபு

யாழ்ப்பாணக் குடாநாடு ஆறுகளற்ற சுண்ணக்கல் நிலம். கிணற்று நீரை இறைத்துத் தோட்டப் பயிர் செய்யலாமேயன்றி நெல்லை ஆண்டு முழுவதும் விளைவிக்க இயலாது. மாரி மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே விதைக்கப்பட்டது. தை மாசியில் அரிவு வெட்டு நிகழ்ந்தது. இவ்விளைச்சல் குடாநாட்டு மக்களின் தேவைக்கு என்றுமே போதியதாக இருந்ததில்லை. எனவே புகையிலை முதலிய பணப்பயிர்களைப் பயிரிட்டு விற்றும், அரச உத்தியோகத்தாலும் வெளியூர் வணிகத்தாலும் பணம் ஈட்டியும், பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த அரிசியை வாங்கி உண்ணும் நிலை குடாநாட்டில் நிலைபெற்றது.

இத்தகைய நிலத்தில் வாழ்ந்த குடும்பத்துக்குச் சேமிப்பு என்பது விருப்பத்தின்பாற்பட்டதன்று, உயிர்வாழ்தலின்பாற்பட்டது. அரிவு வெட்டின்போது மலிவாகக் கிடைத்த நெல் சாக்குகளிலும் பெட்டகங்களிலும் அடுத்த மாரி வரைக்கும் காக்கப்பட்டது. வெங்காயம் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிடப்பட்டது. மிளகாய் வற்றலாகவும், மோர்மிளகாயாகவும், மீன் கருவாடாகவும் மாறின. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் இடும் பிடியரிசி வழக்கம் வறிய வீட்டுக்கும் இயன்ற சேமிப்பாக விளங்கியது.

இச்சேமிப்பின் நடுநாயகமாக விளங்கியது பனையாகும். ஆவணி, புரட்டாதி மாதங்களில் விழும் பழத்தின் களி பாயில் ஊற்றிக் காயவைக்கப்பட்டுப் பனாட்டாயிற்று. விதைகள் பாத்தியிலிடப்பட்டன, அவை தந்த கிழங்கு கிழித்துக் காயவைக்கப்பட்டு ஒடியலாகவும், அவித்துக் காயவைக்கப்பட்டுப் புழுக்கொடியலாகவும் ஆயிற்று. ஒடியல் மாவிலிருந்து பிட்டும் கூழும் கிடைத்தன. நெல் பொய்த்த ஆண்டிலும் பனை பொய்க்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் இம்மரபைப் பொற்காலமாகக் காட்டுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. சேமிப்பதற்கு முதலில் மிகுதி வேண்டும். நிலமும் பனங்காணியும் உடையவனே மலிவுக் காலத்தில் வாங்கி வைத்தான். நாட்கூலியைக் கொண்டு அன்றன்று அரிசி வாங்கியவன் விலை உயர்ந்த காலத்திலே உயர்ந்த விலையைக் கொடுத்தான். இவ்வகையிற் சேமிப்பு ஒரு குடும்பத்தின் சிக்கன உணர்வை மட்டுமன்றி, அக்குடும்பம் சமூகப் படிநிலையில் நின்ற இடத்தையும் காட்டிற்று.

1942: கூப்பனின் வருகை

இந்நிலையை மாற்றியமைத்தது இரண்டாம் உலகப் போராகும். 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரங்கூன் நகரம் யப்பானியர் வசமாயிற்று. இலங்கை தனது அரிசித் தேவையின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தே பெற்றுவந்தமையால், கப்பல்கள் நின்றதும் நாடு முழுவதும் உணவு நெருக்கடி தோன்றியது. ஏப்பிரில் 5ஆம் திகதி கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானத் தாக்குதலுக்கு உள்ளாயின. இச்சூழலிலேயே அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில் 1940 சனவரியில் தொடங்கிய பங்கீட்டு முறை இதற்கு முன்மாதிரியாக அமைந்தது எனலாம்.

பங்கீடு இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதற்கு அண்டை நாடு சான்றாயிற்று. அதே பர்மிய அரிசி நின்றமையும், விலையேற்றமும், நிருவாகத்தின் அலட்சியமும் சேர்ந்து 1943இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சத்தில் ஆழ்த்தின. இருபது முதல் முப்பது இலட்சம் வரையிலானோர் மாண்டனர் எனக் கணிக்கப்படுகின்றது. இறக்குமதி அரிசியில் மேலும் கூடுதலாகத் தங்கியிருந்த இலங்கையில் அத்தகைய பேரழிவு நிகழவில்லை.

யாழ்ப்பாணத்தில் இப்பங்கீடு கூட்டுறவு இயக்கத்தின் தோளிலேறியே ஊர்களை அடைந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் ஐக்கிய நாணய சங்கங்கள் குடாநாட்டில் வேரூன்றியிருந்தன. போர்க்காலத்திலே பண்டசாலைச் சங்கங்கள் விரைந்து பெருகின. 1957ஆம் ஆண்டிலிருந்து பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. மக்கள் வழக்கில் இவையனைத்தும் சங்கக்கடை என்னும் ஒரே பெயரைப் பெற்றன. விதானையார் உறுதிப்படுத்த, குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் கூப்பன் பதியப்பட்டது. 1963இல் விதானைமார் முறை ஒழிக்கப்பட்டபின் அப்பணி கிராம சேவகரைச் சார்ந்தது.

கூப்பனின் சமூக முக்கியத்துவம் அது தலைக்கு வழங்கப்பட்டமையிலேயே தங்கியுள்ளது. நிலத்தாலும் சாதியாலும் பிளவுண்டிருந்த ஒரு சமுதாயத்தில், காணிக்காரனின் பிள்ளைக்கும் கூலிக்காரனின் பிள்ளைக்கும் ஒரே அளவு எழுதப்பட்ட ஏடு வேறொன்று இருந்ததாகத் தெரியவில்லை. சங்கங்களின் நிருவாகப் பதவிகள் ஊரின் அதிகார அமைப்பிலிருந்து விலகி நின்றன என்று கூறமுடியாது. ஆயினும் நிறுவைக்கு முன்னால் உரிமை சமமாயிற்று என்பதே ஒரு மாற்றந்தான்.

உணவுப் பழக்கத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. அரிசியின் குறைவை நிரப்பக் கோதுமை மா வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் அதனை அவித்து, அரித்து, அரிசி மாவுக்குப் பதிலாகப் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டனர். நெருக்கடியிற் புகுந்த மா நெருக்கடி நீங்கிய பின்னரும் அடுக்களையை விட்டகலவில்லை.

கொத்து அரிசியும் அரசியலும்

போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. பிரித்தானியா 1954இல் பங்கீட்டை முற்றாக நீக்கியது. இலங்கையில் அது மானிய விலை உணவாக மாறி, மக்கள் அரசியலின் அச்சாணியாயிற்று. 1953ஆம் ஆண்டில் கொத்து 25 சதமாக இருந்த பங்கீட்டு அரிசியின் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. இதனை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் ஆகத்து 12ஆம் திகதி நடத்திய கர்த்தாலுக்கு வடக்கிலே தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டு ஒக்டோபரில் பதவி விலகினார். ஒரு கொத்து அரிசியின் விலை ஓர் அரசாங்கத்தின் தலைவரை மாற்றவல்லது என்பதை அரசியல்வாதிகள் அதன்பின் மறக்கவில்லை.

அதே தலைவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், 1966 திசெம்பரில், வேறொரு வழி கையாளப்பட்டது. கொத்து 25 சதப்படி வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு கொத்து வழங்கிய முறை நீக்கப்பட்டு, ஒரு கொத்து இலவசமாக்கப்பட்டது. இதன் பொருளை ஒரு குடும்பக் கணக்கைக் கொண்டு நோக்கலாம். ஐவர் கொண்ட குடும்பம் முன்னர் இரண்டரை ரூபாவுக்குப் பத்துக் கொத்துப் பெற்றது. பின்னர் ஐந்து கொத்து இலவசம்; மீதி ஐந்தையும் வெளிச்சந்தையில் வாங்கவேண்டும். வெளிச்சந்தையிற் கொத்தின் விலை 50 சதத்தைத் தாண்டினால் குடும்பத்துக்கு நட்டமே. சந்தை விலை அதனினும் உயர்ந்தே நின்றது. வயலுடைய குடும்பத்துக்கோ இலவசக் கொத்து முழு இலாபமாயிற்று. இலவசம் என்ற சொல் எவ்வாறு ஒரு குறைப்பை மறைக்கும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும். 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் இரண்டாவது கொத்தை மீண்டும் தருவதாகச் சிறிமாவோ பண்டாரநாயக்க அளித்த வாக்குறுதி பெற்ற வரவேற்பையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

சேமிப்பா, பதுக்கலா?

அவ்வாக்குறுதி நெடுநாள் நிலைக்கவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டோடு 1973இல் உலகச் சந்தையில் உணவின் விலையும் எண்ணெயின் விலையும் உயர்ந்தன. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் பங்கீடு குறைக்கப்பட்டது. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்றது. மரவள்ளிக் கிழங்கு பல வீடுகளில் ஒருநேர உணவாயிற்று. 1974இல் நாட்டின் இறப்பு வீதம் உயர்ந்தது. அதன் கொடுமையை மிகுதியும் அனுபவித்தோர் மலையகத் தோட்டத் தொழிலாளராவர். கையளவு நிலமும் தமக்கென இல்லாத அவர்களுக்குக் கூப்பனுக்கு அப்பால் வேறு சேமிப்பு இருக்கவில்லை.

குடாநாட்டு நிலைமை சற்று வேறுபட்டது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் அவற்றைப் பயிரிட்ட யாழ்ப்பாணத் தோட்டக்காரர் முன்னொருபோதும் காணாத விலையைப் பெற்றனர். கல்வீடுகள் எழுந்தன, நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின. ஆயின் கையிற் பணமிருந்தும் அரிசி கிடைப்பது அரிதாயிற்று. நெற் கொள்வனவு 1971இல் அமைக்கப்பட்ட நெற் சந்தைப்படுத்தும் சபையின் கைக்கு மாறியது. அரிசியை இடத்துக்கிடம் கொண்டுசெல்லுதல் தடைசெய்யப்பட்டது. தடைச் சாவடிகளில் பயணிகளின் பைகள் சோதிக்கப்பட்டன. வன்னியில் வயல் வைத்திருந்தவன் தன் விளைச்சலைக் குடாநாட்டிலுள்ள தன் வீட்டுக்குக் கொண்டுவருவதே குற்றமாயிற்று.

இக்காலத்திலேதான் பதுக்கல் என்னும் சொல் அன்றாட வழக்கிற் பெரிதும் புழங்கலாயிற்று. விலையேறும்வரை நூற்றுக்கணக்கான மூட்டைகளை மறைத்து வைத்த வணிகனும் பதுக்கற்காரன். பிள்ளைகளுக்கென இரண்டு மூட்டை நெல்லை ஒதுக்கி வைத்த தாயும் சட்டத்தின் பார்வையிலே பதுக்கற்காரி. இவ்விரண்டும் ஒன்றல்ல. வணிகனின் இருப்பு பிறருடைய பசியால் மதிப்புயர்வது. தாயின் இருப்பு தன் வீட்டுப் பசியைத் தவிர்ப்பதற்கானது. முன்னையது சந்தைக்குத் திரும்புவதற்காகக் காத்திருக்கின்றது; பின்னையது உலைக்குப் போகக் காத்திருக்கின்றது. எனினும், எல்லா வீடுகளும் ஒரே வேளையில் இருப்பை மிகுத்தால் கடையில் அரிசி அருகி, அன்றாடம் வாங்கும் ஏழையே முதலிற் பட்டினி கிடப்பான் என்பதும் மறுக்க முடியாத உண்மை. நம்பகமான கூப்பன் உள்ளவிடத்து எவரும் அளவுக்கு மிஞ்சிச் சேமிப்பதில்லை. பதுக்கலை அடக்கச் சாவடிகளினும் வலியது நம்பிக்கையேயாகும்.

கொத்திலிருந்து ரூபாவுக்கு

1977இல் ஆட்சி மாறிப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978 சனவரியில் மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்பட்ட குடும்பங்கள் பங்கீட்டிலிருந்து நீக்கப்பட்டன. 1979 செத்தெம்பரில் கூப்பனே ஒழிந்து உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை 20 ரூபா, மற்றையோருக்கு 15 ரூபா என முத்திரைகள் வழங்கப்பட்டன. மண்ணெண்ணெய்க்கெனக் குடும்பத்துக்கு 9.50 ரூபா பெறுமதியான முத்திரையும் கிடைத்தது. தாய், தந்தை, பத்து வயதிலொன்றும் எட்டு வயதுக்குக் கீழ் இரண்டுமாக மூன்று பிள்ளைகள் எனின், அக்குடும்பத்தின் உணவு முத்திரை சரியாக 100 ரூபா.

பார்வைக்கு இது சிறிய மாற்றமே. ஆயினும் குடாநாட்டுக் குடும்பத்தின் கணக்கை அடியோடு மாற்றியது இதுவாகும். கொத்து என்பது அளவு; ரூபா என்பது விலை. அரிசியின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் ஒரு கொத்து ஒரு கொத்தாகவே இருக்கும். விலையேற்றத்தின் சுமை அரசாங்கத்தைச் சாரும். முத்திரையிலுள்ள 15 ரூபாவோ விலையேற்றத்தோடு சுருங்கும். சுமை வாங்குபவனைச் சாரும். மானியங்கள் நீங்க, விலைகள் ஏற, முத்திரையின் பெறுமதி மாற்றப்படாமலே இருந்தது. சில ஆண்டுகளுக்குள் அதன் உண்மைப் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகத் தேய்ந்தது. கூப்பனை ஒழித்த அரசாங்கத்தின் தலைவர் ஜே.ஆர். ஜயவர்த்தன, 1953இல் விலையை உயர்த்தியபோது நிதியமைச்சராக இருந்தவர். அன்று விலையேற்றம் தெருவில் எதிர்ப்பைக் கிளப்பியது. இம்முறை உரிமை சத்தமின்றிக் கரைந்தது.

இதே காலத்தில் இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் சந்தையை நிரப்ப, தோட்டக்காரனின் வருமானமும் வீழ்ந்தது. வாங்கும் பக்கத்திலும் விற்கும் பக்கத்திலும் குடாநாடு ஒருங்கே அடிபட்டது.

பாதை மூடியபோது

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் வெடித்தபின் குடாநாட்டுக்கான மின்சாரமும் தரைப் போக்குவரத்தும் துண்டிக்கப்பட்டன. எரிபொருள், மின்கலம், சீமெந்து, பசளை முதலிய பல பொருள்கள் தடைசெய்யப்பட்டன. அரசாங்கம் கப்பலில் அனுப்பிய உணவு சங்கக்கடைகளின் வழியாகவும் நிவாரண அட்டைகளின் வழியாகவும் பங்கிடப்பட்டது. சங்கக்கடை மீண்டும் ஊரின் நடுவிடமாயிற்று. அட்டை கையிலிருந்தும் கப்பல் வராத வாரத்தில் அது வெறுந்தாளாகவே இருந்தது.

இக்காலத்திற் பழைய சேமிப்பு மரபு புத்துயிர் பெற்றது. மாணவர் ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டுப் படித்தனர். சவர்க்காரம் கிடையாதபோது பனம்பழக் களி துணி வெளுக்க உதவியது. ஒடியலும் மரவள்ளியும் மீண்டும் முதன்மை பெற்றன. வீட்டின் இருப்பை எண்ணி, நாளைப் பிரித்து, இன்றைய உலையைக் குறைத்தவர்கள் பெண்களே. அவர்கள் எழுதிவைக்காத கணக்குகளே இக்காலப் பொருளாதார வரலாற்றின் மூல ஆவணங்களாகும்.

ஆனால் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி அச்சேமிப்பும் தோற்றது. வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். பெட்டகத்தைத் தலையிற் சுமக்க முடியாது. நெல்லும் வெங்காயமும் ஒடியலும் பூட்டிய வீடுகளில் நின்றுவிட்டன. தென்மராட்சியில் ஏற்கனவே அடுப்பெரிந்த வீடுகளின் இருப்பே வந்தவர்களையும் சேர்த்துச் சில நாட்களேனும் தாங்கியது. கூப்பனுக்குத் திறந்த பாதை வேண்டும். சேமிப்புக்கு நிலைத்த வீடு வேண்டும். இரண்டும் இழந்தவிடத்து மனிதருக்கு எஞ்சியது அயலவரின் அடுக்களையே.

2002இல் யுத்த நிறுத்தத்தோடு தடைகள் நீங்கி ஏ9 வீதி திறந்தது. 2006 ஆகத்து 11ஆம் திகதி முகமாலையில் அது மீண்டும் மூடப்பட்டது. கப்பல், குடும்ப அட்டை, வரிசை ஆகிய மூன்றும் திரும்பவும் வந்தன. போர் 2009இல் முடிவுற்ற பின்னரே குடாநாடு பாதையைப் பற்றிய அச்சமின்றி அரிசி வாங்கத் தொடங்கியது.

முடிவுரை

பாதை திறந்திருப்பது மாத்திரம் போதாது என்பதை 2022 உணர்த்தியது. அந்நியச் செலாவணி வற்றியபோது, போரற்ற காலத்திலேயே எரிபொருளுக்கு வரிசை நின்றது. அவ்வாண்டு யூலையிலிருந்து கைப்பேசியிற் காட்டும் கியூஆர் குறியீடு வாரப் பங்கை நிர்ணயித்தது. கடதாசி மறைந்தாலும் கூப்பனின் தத்துவம் மாறவில்லை. செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. 1979இல் கொத்தை ரூபாவாக மாற்றியதன் பொருள் யாதென அறியாதிருந்த புதிய தலைமுறையும் அதனை அன்று அறிந்துகொண்டது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் புலனாகின்றன. கூப்பனும் சேமிப்பும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. சேமிப்பு மிகுதியுள்ளவனைக் காக்கும். கூப்பன் மிகுதியற்றவனையும் காக்கும். பங்கீட்டைச் சோம்பலின் ஊற்று எனப் பழிப்போர், நாட்கூலிக்காரனுக்குப் பெட்டகம் இருந்ததில்லை என்பதை மறக்கின்றனர். வீட்டுச் சேமிப்பைப் பழமையெனத் தள்ளுவோர், பாதை மூடிய ஆண்டுகளை மறக்கின்றனர். பங்கீடு பணத்தாலன்றிப் பண்டத்தால் அளக்கப்படும்போதே அது ஏழையின் பக்கம் நிற்கின்றது என்பதையும் இவ்வரலாறு தெளிவாக்குகின்றது.

சங்கக்கடைகள் பலவற்றின் பழைய இடாப்புகள் போரிலும் இடப்பெயர்விலும் அழிந்திருக்கும். இரண்டு கொத்து அரிசியைப் பத்து நாட்களுக்கு நீட்டிய கணக்கோ முதியோரின் நினைவில் இன்னும் உள்ளது. அதனைக் கேட்டுப் பதிவுசெய்தல் எமது தலைமுறை ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும்.